பாமாயிலுக்கு ஒரே ராத்திரியில வரி ஏத்த முடியுமா?

உச்சிப்புளி வடைக்கடை (செப்டம்பர் 2024):
ஸ்டேஷன் பக்கம் வடை, சமோசாக் கடை நமக்கு. பாமாயில் டின்னுக்கு டீலர் வெள்ளிக்கிழமை சொன்னது ஒரு விலை, திங்கக்கிழமை வேற விலை. கேட்டா டெல்லியில வரி ஏத்திட்டாங்களாம். பட்ஜெட் ஜூலையிலயே முடிஞ்சது, பார்லிமென்டும் கூடலை. அப்புறம் எப்படி? அவர் குடோன்ல கிடக்கிற டின்னெல்லாம் போன மாசமே வந்தது, அதுக்கும் புது விலையா?

பாம்பன் ராசா:
வடையைச் சின்னதாக்கிட்டு ஓட்டையைப் பெருசாக்குங்க அண்ணே.

கீழக்கரை காக்கா:
அண்ணே, நான் தூத்துக்குடியில கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்ல பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்கு கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற படிவம், போடுறவன்.

உச்ச வரி விகிதத்தை 1975 சுங்கத் தீர்வைச் சட்டத்துலயே பார்லிமென்ட் போட்டு வச்சிருக்கு. அதுல எவ்வளவு தள்ளுபடின்னு 1962 சுங்கச் சட்டம் 25ஆம் பிரிவுப்படி மத்திய அரசு அறிவிக்கை போட்டே மாத்தலாம். இப்ப அந்தத் தள்ளுபடியைத்தான் சுருக்கியிருக்காங்க. கச்சா பாமாயிலுக்கு இதுவரை அடிப்படை வரி 0, விவசாய செஸ் 5, அந்த 5 மேல பத்துல ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி: மொத்தம் 5.5 சதவீதம். செப்டம்பர் 14லருந்து அடிப்படை 20. செஸ்ஸோட 25, அதுமேல 2.5, ஆக 27.5. சுத்திகரிச்சதுக்கு 35.75.

எந்தத் தேதி விகிதம்னா, கப்பல் வந்தப்புறம் பில் போட்டா போட்ட அன்னைக்கு உள்ளது. முன்கூட்டியே போட்டிருந்தா கப்பலுக்கு உள்வருகை அனுமதி கிடைச்ச தேதி. தேதி மட்டுமில்லை, எத்தனை மணிங்கிறதே வழக்கான கதையும் உண்டு. 2019 பிப்ரவரி 16 பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீதம் போட்ட அறிவிக்கை ராத்திரி 8.46க்குத்தான் இணையத்துல ஏறுச்சு. அன்னைக்குப் பகல்லயே பஞ்சாப் எல்லையில அட்டாரியில பில் போட்டவங்ககிட்டயும் 200 கேட்டாங்க. செல்லாதுன்னு 2020ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு.

உங்க டீலர் டின்னு பழைய வரியில வந்த எண்ணெய். செப்டம்பர் 17ல மத்திய உணவுத் துறையே எண்ணெய்க் கம்பெனிகளைக் கூப்பிட்டு, பழைய வரிச் சரக்கு சுமார் 30 லட்சம் டன் இருக்கு, 45-50 நாளைக்குத் தாங்கும், அது தீர்ற வரை விலையை ஏத்தாதீங்கன்னுச்சு. வேண்டுகோள்தான், உத்தரவில்லை. மூடிப்பக்கம் பேக்கிங் மாசம் அடிச்சிருக்கும் பாருங்க, ஆகஸ்ட்னா பேரம் பேசுங்க. அச்சடிச்ச எம்ஆர்பிக்கு மேல வாங்கினா அது தனிக் குத்தம்.

மண்டபம் தென்னந்தோப்பு:
எல்லாரும் வரியைத் திட்டுறீங்க. பாமாயில் மலிவாக் கொட்டுனப்ப எங்க கொப்பரையைக் கேக்க நாதியில்லை. இதுவும் நமக்காக ஏத்தலை, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசத்துல சோயா குவிண்டாலுக்கு 4,892 ரூபா ஆதார விலைக்குக் கீழ போனதுக்காக. இருந்தாலும் நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.

உச்சிப்புளி வடைக்கடை:
ஆகஸ்ட்னுதான் இருக்கு காக்கா! போட்டோ எடுத்துட்டேன்.

உச்சிப்புளி வடைக்கடை (ஜூன் 2025):
வரி குறைஞ்சிருச்சுன்னு நியூஸ்ல பாத்தேன். டீலர் என்னடான்னா, பழைய சரக்கு தீரட்டும்ங்கிறார்.

கீழக்கரை காக்கா:
ஏறும்போது இந்த ஞாபகம் வரலையே அவருக்கு. மே 30 அறிவிக்கை, கச்சாவுக்கு அடிப்படை 10, மொத்தம் 16.5. சுத்திகரிச்சு வர்றதுக்கு அதே 35.75தான். அதனால இங்கயே சுத்திகரிக்கிற ஆலைக்குத்தான் லாபம். வெளியில சுத்திகரிச்சு வந்த டின்னுன்னா குறையாது. எங்க சுத்திகரிச்சதுன்னு டின்னுல பாத்துட்டு அவர்கிட்ட பேசுங்க.