ஓபியாய்டு பழக்கத்துக்கு மருந்து தரும் டாக்டரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

என் தம்பிக்கு முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அது ஓபியாய்டு, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வகை. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. அது கிடைக்காத நாளில் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கில் நீர், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, காலை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு. வீட்டில் எல்லோரும் அவனுக்கு மனத்திடம் இல்லை என்றார்கள். நான் டாக்டரைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் விசாரித்தது ஒரு மறுவாழ்வு மையத்தில். உள்ளே வைத்து, எல்லாவற்றையும் நிறுத்தி, சுத்தமாக்கி அனுப்புவோம் என்றார்கள். வெளியே வந்த பிறகு என்ன மருந்து தருவீர்கள் என்று கேட்டேன். "மருந்தை விடத்தானே வருகிறீர்கள், மறுபடி எதற்கு மருந்து?" என்றார் அங்கிருந்தவர். எனக்கு அந்தப் பதில்தான் பயமாக இருந்தது. சில வாரம் எடுக்காமல் இருந்தால் உடம்பின் தாங்கும் அளவு இறங்கிவிடும், ஆசை மட்டும் இறங்காது. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிப் போகலாம். தம்பியை அங்கே சேர்க்கவில்லை.

பிறகு எங்கள் குடும்ப டாக்டர். "இந்த மருந்தை நான் கொடுத்துப் பழக்கமில்லை, தெரிந்தவரிடம் அனுப்புகிறேன்" என்று சொல்லி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் ஒரு மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்த மனநல மருத்துவர் முதலில் தம்பியைத்தான் பார்த்துப் பேசினார், என்னை இல்லை. என்ன மாத்திரை, எவ்வளவு, கடைசியாக எப்போது, குடிப்பதுண்டா, தூக்க மாத்திரை உண்டா, கல்லீரல் எப்படி. திட்டவில்லை. தம்பிக்குத் தரப்போகும் புப்ரினார்பின் என்ற மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாக விளக்கினார். மூளையில் ஓபியாய்டு போய் ஒட்டும் அதே இடத்தில் இதுவும் ஒட்டும், மற்றவற்றை விட இறுக்கமாக ஒட்டும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். ஓர் அளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் விளைவு கூடிக்கொண்டே போகாது. அதனால் தவிப்பு அடங்கும், ஆளும் தெளிவாக இருப்பார். கூட நாலோக்சோன், அதாவது ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து, ஏன் கலந்திருக்கிறது என்று கேட்டேன். நாக்குக்கு அடியில் வைத்தால் அது அவ்வளவாக உடம்பில் ஏறாது. யாராவது கரைத்து ஊசியில் ஏற்றப் பார்த்தால் வேலையைக் காட்டும்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது முதல் வேளையைப் பற்றி. பழைய மாத்திரையின் பிடி இன்னும் இருக்கும்போதே இதைக் கொடுத்தால், இது அதைத் தள்ளிவிட்டு உட்காரும். தவிப்பு ஒரேயடியாக, கொடுமையாக வரும். அதனால் சீக்கிரம் அடங்கும் ரகமாக இருந்தால் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் கழித்து, அறிகுறிகள் நன்றாகத் தெரிந்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள். தம்பியின் நாடி, வியர்வை, கண்மணியின் அளவு, நடுக்கம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பார்த்த பிறகே முதல் மருந்தைக் கொடுத்தார். யாரோ கொடுத்தார்கள் என்று வீட்டிலேயே ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து.

இப்போது யாராவது என்னிடம் டாக்டர் கேட்டால், போனிலேயே ஒன்றைக் கேட்கச் சொல்கிறேன்: "எவ்வளவு காலம் இந்த மருந்தைத் தருவீர்கள்?" ஆளைப் பார்ப்பதற்கு முன்பே "இத்தனை நாளில் நிறுத்திவிடுவோம்" என்பவரை விட்டுவிடுங்கள். "தேவைப்படும் வரை, வருடக்கணக்கானாலும் சரி" என்பவரிடம் போங்கள். மற்ற கேள்விகளுக்கு எல்லோரும் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள்.

*

அக்கா, நான் இதே பழக்கத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான மெத்தடோனில் இருக்கிறேன், அதனால் வேறு அனுபவம். எனக்குப் புப்ரினார்பின் ஒத்துவரவில்லை, ஏக்கம் அடங்கவே இல்லை. மெத்தடோன் முழு வேலை செய்யும் மருந்து. அதனால் கட்டுப்பாடும் அதிகம். ஆரம்பத்தில் தினமும் மையத்துக்குப் போய், அவர்கள் கண்முன்னால்தான் குடிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் டாக்டரின் பேரைப் பார்ப்பதற்கு முன்னால் மையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நான் முதலில் சேர்ந்த இடம் நல்ல இடம்தான், ஆனால் என் ஷிப்டுக்கு அது திறக்கும் நேரம் சரிவரவில்லை. பக்கத்தில் இருப்பதற்கு மாறிய பிறகுதான் நிலைத்தேன்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இந்த இரண்டு மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2005லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. நான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன், மகளைப் பள்ளியில் விடுகிறேன். அவர்களுக்கு இதற்கு மேல் பதில் சொல்வதில்லை.

*

கர்ப்பமாக இருப்பவர்கள் யாராவது படித்தால், இது உங்களுக்கு. நான் ஏற்கெனவே மருந்தில் இருந்தபோது கருவுற்றேன். ஒரு மருத்துவர் கேட்டதும் முகம் மாறி, "இன்றே நிறுத்திவிடு" என்றார். அழுதுகொண்டே வந்தேன். நிறுத்தவில்லை, இன்னொருவரைத் தேடினேன். இரண்டாவதாகப் பார்த்த அம்மா, திடீரென நிறுத்துவது குழந்தைக்கும் நல்லதில்லை, பழைய பழக்கத்துக்குத் திரும்பும் ஆபத்தும் அதிகம், கர்ப்ப காலத்தில் மெத்தடோனோ புப்ரினார்பினோ தொடர்வதுதான் முறை என்றார். பிறந்த பிறகு குழந்தைக்குச் சில நாள் தவிப்பு வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு என்று முன்கூட்டியே சொன்னார். குழந்தை மருத்துவரிடமும் பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்தார். பையன் நன்றாக இருக்கிறான். முதல் டாக்டர் சொன்னதுதான் கடைசி வார்த்தை என்று நினைக்காதீர்கள், தோழிகளே.

*

ஒரு சின்ன விஷயம். மருந்துச் சீட்டு கையில் கிடைப்பதற்கு முன்பே எந்த மருந்துக்கடையில் இது இருக்கிறது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கடையிலும் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை சீட்டோடு அலைவது மிகக் கஷ்டம்.

என் கேள்வி: ஊசி போட்டால் போதும், தினமும் மாத்திரை வேண்டாம் என்கிறார்களே, நால்ட்ரெக்சோன், அது யாருக்காவது தந்தார்களா? என் கணவருக்குக் கேட்கிறேன்.

*

தம்பிக்கும் அந்தப் பேச்சு வந்தது, சகோதரி. நால்ட்ரெக்சோன் ஓபியாய்டை அடைத்து நிற்கும் மருந்து. அதை ஆரம்பிக்கப் பொதுவாக 7 முதல் 10 நாளாவது எந்த ஓபியாய்டும் உடம்பில் இருக்கக் கூடாது. அந்த நாட்களைத் தாண்டுவதுதான் பலருக்கு முடிவதில்லை, அவனுக்கும் முடியாது என்று டாக்டரே கணித்தார். உங்கள் கணவர் ஏற்கெனவே நிறுத்தி இருந்தால் கேட்டுப் பாருங்கள். புப்ரினார்பினிலும் மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டு, இரண்டும் வேறு வேறு. எதைச் சொல்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எந்த மருந்தில் இருந்தாலும் வீட்டில் நாலோக்சோன் மூக்கு ஸ்பிரே கிடைத்தால் வாங்கி வையுங்கள், மருந்து அளவு மீறி மூச்சு அடங்கினால் அதை எடுத்து அடிக்க இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடித்ததும் ஆம்புலன்சை அழையுங்கள், ஸ்பிரேயின் வேகம் குறைந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம். குடியும் தூக்க மாத்திரையும் கணவருக்கு இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இவற்றோடு சேரும்போதுதான் மூச்சுக்கு ஆபத்து அதிகம். அப்புறம், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என்றால் முழுதும் கரைந்ததும் தண்ணீரால் வாயை அலசிவிட்டு, ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் பல் தேய்க்க வேண்டும். பல் கெட்டுப்போகும் என்று எங்களுக்குச் சொன்னது பல் டாக்டர்தான்.