சென்னை கலையை வளர்த்த ஊரா, வரவழைத்துக்கொண்ட ஊரா?

மாசிவீதியான்:
சென்னையின் கலை வரலாற்றை 1928-இல் தோன்றிய மியூசிக் அகாடமியிலிருந்தே பலரும் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. அம்மேடையில் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் பெண்ணான எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்ததும், வீணைக் கலைஞரான தாய் சண்முகவடிவின் வீட்டில் இசையோடு வளர்ந்ததும் நம் மதுரையில்; பாடகர் மதுரை மணி ஐயரோ பெயரிலேயே ஊரைச் சுமந்தவர். விளைச்சல் நம்முடையது, களஞ்சியம் மட்டுமே சென்னையினுடையது.

திருமங்கலத்தான் (இப்போது அடையாறு):
களஞ்சியம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள், ஐயா. கோயிலையும் ஜமீன் அரண்மனையையும் செல்வர் வீட்டுத் திருமணத்தையும் அண்டியிருந்த பாட்டை, சீட்டு வாங்கியவர் எவரும் அமர்ந்து கேட்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தவை சென்னையின் சபாக்கள். ஓவியத்துக்கு என்ன சொல்வீர்கள்? அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி, தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கிய இடம். அங்கிருந்து புறப்பட்டவர்கள்தாம், பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். இதற்கு ஈடாக நாம் எதைக் காட்டுவது?

மாசிவீதியான்:
ஓவியத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘எவரும்’ என்பது மிகை. தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக, அதாவது சிறு உருப்படியாக, ஒதுங்கி நின்றதால்தானே, செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-இல் அங்கேயே தமிழ் இசைச் சங்கத்தை நிறுவ வேண்டியிருந்தது? நாடகத்துக்கு வாருங்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வேறு தொழில் பார்த்த படித்தவர்களின் மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையோ, சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் பயிற்றி அதையே வாழ்க்கையாக்கியது. இன்றும் ஊர்த் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ நடத்த விரும்புவோர் மதுரைக்கு வந்து, ராஜபார்ட் என்ற நாயக நடிகரையும் பபூன் என்ற நகைச்சுவை நடிகரையும் தனித்தனியே பேசி முடிக்கிறார்கள். ஒத்திகையின்றி அன்றிரவு மேடையில் சந்திப்பவர்கள் விடியும்வரை ஆடுகிறார்கள்.

திருமங்கலத்தான்:
அந்த விடியலை நானும் சாக்கு விரித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால், அதே பாலர் சபையில் சேர்ந்த நாடக நடிகர் தி.க. சண்முகத்தின் பெயரை, சென்னையின் லாயிட்ஸ் சாலை இன்று அவ்வை சண்முகம் சாலையாகத் தாங்கி நிற்கிறது. அவர் ஏன் அங்கே போனார் என்பதைத் தாங்களே எழுதுங்கள்.