காசாபிளாங்கா: முடிவு கடைசி நாளில்தான் எழுதப்பட்டதா?

கொட்டகைக்காரன்:
"காசாபிளாங்காவின் முடிவு கடைசி நாள் வரை ஒருவருக்கும் தெரியாது, இரண்டு முடிவுகளைப் படமெடுத்து ஒன்றைத் தூக்கிப் போட்டார்கள்" என்று நேற்று இங்கே அள்ளிவிட்ட அன்பருக்கு ஒரு கும்பிடு. 1942இல் வந்த அந்த ஹாலிவுட் படத்துக்கு மூலம் மரே பர்னெட்டும் ஜோன் அலிசனும் எழுதி மேடையேறாமல் கிடந்த நாடகம். வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ 20,000 டாலர் கொடுத்து வாங்கியது. அந்த நாடகத்திலேயே நாயகி லாஸ்லோவோடுதான் (படத்தில் அவள் கணவன்) போகிறாள். பிறகென்ன மர்மம்?

நிலாமுற்றம்:
அந்த அன்பர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். பழைய காதலன் ரிக், கணவன் லாஸ்லோ இருவரில் யாரைக் காதலிப்பதாக நடிப்பது என்று கேட்டபோது, இப்போதைக்கு இரண்டுக்கும் நடுவில் நடிக்கச் சொன்னார்கள் என்று நாயகியாக நடித்த இங்கிரிட் பெர்க்மனே பதிவு செய்திருக்கிறார். கதாநாயகிக்கே தெரியாத முடிவு உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ!

கொட்டகைக்காரன்:
நாடகத்தில் இருக்கிறது, அப்படித்தான் தெரிந்தது. மேலும் 1942இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதி, மனைவி கணவனை விட்டுவிட்டுக் காதலனோடு போவதை ஒப்புக்கொள்ளாது. விமான நிலையக் காட்சியை ஜூலையில் எடுத்தார்கள், படப்பிடிப்பு முடிந்ததோ ஆகஸ்ட் 3. அந்தக் காட்சிக்குப் பிறகும் பெர்க்மன் பல முக்கியக் காட்சிகளில் நடித்தார். கடைசி நாள் எங்கே வந்தது?

ஓரத்து இருக்கை:
இருவரும் சற்று நில்லுங்கள். மே 25இல் படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதை முழுதாகக் கையில் இல்லை. எப்ஸ்டீன் சகோதரர்கள் ஒரு பக்கம், ஹோவர்ட் கோச் ஒரு பக்கம், திரையில் பெயரே வராத கேசி ராபின்சன் இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் யாரோடு போகிறாள் என்பது ஒன்று. ரிக் அவளை எப்படி அனுப்பிவைக்கிறான் என்பது வேறொன்று. "முடிவு" என்று நீங்கள் சொல்வது எதை?

கொட்டகைக்காரன்:
பட்டிமன்ற நடுவர் வந்துவிட்டார். வெங்காயத்தை உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போகலாம் ஐயா. நாடகத்தில் இருக்கிறதா, இல்லையா?

நிலாமுற்றம்:
நாடகம், நாடகம், நாடகம்! அந்த நாடகத்தில் ரிக் ஜெர்மானியரிடம் சிக்கிக்கொள்கிறான். படத்திலோ ஜெர்மன் அதிகாரி ஸ்ட்ராசரைச் சுட்டுவிட்டு, போலீஸ் அதிகாரி ரெனோவோடு மூடுபனிக்குள் நடந்துபோகிறான். இரண்டும் ஒரே முடிவா? அந்த நடையில் ரிக்காக நடித்த போகார்ட் சொல்லும் கடைசி வசனமே படப்பிடிப்பு முடிந்த பிறகு தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுதி, குரலை மட்டும் தனியாகப் பதிவு செய்து சேர்த்தது. கடைசி நாள் என்று நான் சொன்னது குறைவு, அதற்கும் பிறகு!

கொட்டகைக்காரன்:
ஒரு வரி வசனம் முடிவாகிவிடாது. இரண்டு முடிவுகள் எடுத்தார்கள் என்றீர்களே, அந்த இரண்டாவது எங்கே? அடுத்து ரொனால்ட் ரீகன்தான் ரிக்காக நடிக்கவிருந்தார் என்பீர்கள்.

மேகலை_பார்வை:
அது அப்போது பத்திரிகையில் வந்த செய்திதானே?

கொட்டகைக்காரன்:
வந்தது அம்மா, ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவு அவிழ்த்துவிட்டது. ரீகன் இராணுவத்துக்குப் போகவேண்டியவர். வாலிஸின் மனத்தில் இருந்தவர் போகார்ட். இங்கே செய்தி வேறு, விளம்பரம் வேறு என்று யாருக்கும் தெரிவதில்லை. மூடுபனி என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த விமானமே அரங்குக்குள் நிறுத்திய அட்டை விமானம். அது பெரிதாகத் தெரியட்டும் என்று குள்ளமானவர்களை மெக்கானிக் உடையில் அதன் அருகே நிறுத்தினார்கள். குட்டு வெளிப்படாமல் இருக்கப் புகை. முடிவையே தீர்மானிக்காதவர்கள் இத்தனை ஏற்பாட்டோடா உட்கார்ந்திருப்பார்கள்?

நிலாமுற்றம்:
புகைக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம்? போன மாதம், படத்தில் பியானோக்காரராக வரும் டூலி வில்சன்தான் பியானோ வாசித்தார் என்று இதே தோரணையில் சாதித்தவர் நீங்கள். அவர் டிரம்ஸ் கலைஞர், பியானோவில் கை ஓடுவது நடிப்பு. அதற்கு இன்னும் பதிலே வரவில்லை.

கொட்டகைக்காரன்:
நான் "பாடினார்" என்றேன். பாடியது அவர்தான். திரித்து எழுதுவது உங்களுக்குக் கைவந்த கலை.

ஓரத்து இருக்கை:
என் கேள்விக்கு இருவருமே பதில் சொல்லவில்லை.

மேகலை_பார்வை:
சிறந்த படம் என்று ஆஸ்கர் அறிவித்ததும் வாலிஸை முந்திக்கொண்டு ஸ்டூடியோ தலைவர் ஜாக் வார்னர் மேடைக்கு ஓடினாராமே, அதைப் பற்றி யாராவது எழுதுங்களேன்?

கொட்டகைக்காரன்:
ஓடினார். வாலிஸ் அதை மன்னிக்கவே இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே நிலாமுற்றம் அந்த இரண்டாவது முடிவைக் காட்டட்டும்.

நிலாமுற்றம்:
பியானோவுக்குப் பதில் வரட்டும், பிறகு பார்க்கலாம்.