புதுப்பிப்பு: செயற்கை பிஐபி2, குட்டைச் சங்கிலியா நீளச் சங்கிலியா?

பிஐபி2 என்பது கல மென்சவ்வில் உள்ள ஒரு இலிப்பிட்டு, அதாவது கொழுப்பு வகை. அதில் புரதம் ஒட்டுகிறதா என்று பார்க்க எந்தச் செயற்கை பிஐபி2-ஐ வாங்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கடைசியில் குட்டைச் சங்கிலி வகையே வாங்கினோம். அதன் ஒவ்வொரு கொழுப்பமிலச் சங்கிலியிலும் 8 காபன்தான், நேரே நீரில் கரைகிறது. 16 காபன் வகைக்குக் குளோரோபோம், மெதனோல் என்று பெரிய சமையல்.

கல்சியம் பற்றி எச்சரித்த அண்ணைக்குத் தனி நன்றி. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தில் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். பிஐபி2-இன் தலையில் உள்ள பொஸ்பேற்றுகள் கல்சியத்தைப் பிடித்துத் திரண்டுவிடும். ஆகவே அயன் நீக்கிய நீர், கூடவே கல்சியத்தைப் பிடித்து வைக்கும் ஈடிடிஏ கொஞ்சம். குப்பியும் கண்ணாடிதான். சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வைத்தாயிற்று, கரண்ட் போனால் ஜெனரேற்றர்தான் துணை.

ஒப்பீட்டுக்கு வைத்தது பிஎல்சி டெல்டா1 என்ற புரதத்தின் பிஎச் பகுதி, பிஐபி2-இல் ஒட்டும் என்று ஏற்கெனவே தெரிந்தது. அது எதிர்பார்த்தபடியே ஒட்டியது. சரி, இந்த பிஐபி2-ஐ உயிருள்ள கலத்துக்குள் அனுப்ப முடியுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இவ்வளவு எதிரேற்றத்தோடு அது மென்சவ்வைத் தானாகக் கடக்காது, நேரேற்றமுள்ள ஹிஸ்டோன் புரதம் போன்ற காவி வேண்டும். அது அடுத்த நிதி வந்த பிறகு.