டிசம்பர் பகலில் புல்தரையில் ஒரு முள்ளெலி: உடனே பதில் தேவை

தேரிக்காட்டுப்பெண் (ஹியர்ஃபோர்ட்ஷயர்)
டிசம்பர் 9, காலை 9:40

வணக்கம். இங்கிலாந்தில் கிராமப்புறமாக இருப்பவர்கள் யாராவது இப்போது பார்த்தால் தயவுசெய்து பதில் போடுங்கள்.

நேற்று ராத்திரி இங்கே மைனஸ் 4. இன்று விடிந்ததே எட்டு மணிக்கு மேல்தான். புல் முழுக்க உறைபனி, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். கறுப்பியைப் (எங்கள் லாப்ரடார், 9 வயது) பின்கதவு வழியாக வெளியே விட்டேன். தினமும் நேரே ஆப்பிள் மரத்தடிக்கு ஓடி, விழுந்து கிடக்கிற பழத்தைக் கொத்தும் ஃபீல்ட்ஃபேர் பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பாள். இன்று பாதி வழியில் நின்றுவிட்டாள். குரைக்கவில்லை, வாலும் ஆடவில்லை. தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

போய்ப் பார்த்தால் ஒரு முள்ளெலி. வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கிடந்தது. சுருண்டுகொள்ளக்கூட இல்லை. எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டு, குடித்தவன் மாதிரி தள்ளாடிப் பக்கவாட்டில் சாய்ந்தது. தோட்டக் கையுறை போட்டுத் தூக்கிச் சமையலறைத் தராசில் வைத்தேன். 380 கிராம்.

இப்போது துணி துவைக்கும் அறையில், அட்டைப்பெட்டிக்குள் பழைய துண்டில் இருக்கிறது. கதவுக்கு வெளியே கறுப்பியும் பூனை மீனுவும் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த வீட்டு மூதாட்டி வேலிக்கு மேலாகவே சொன்னார்: அந்தக் காலத்தில் தட்டில் ரொட்டியும் பாலும் வைப்போம், அப்புறம் அதை வேலியடியில் விட்டுவிடு, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று. என் கணவரும் விட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் வளர்ந்தவள் நான். அங்கேயும் முள்ளெலி உண்டு. தாத்தா ராத்திரி ஒன்றைப் பிடித்து வந்து கூடையைக் கவிழ்த்து வைத்து, காலையில் எங்களுக்குக் காட்டிவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார். கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. ஆனால் இந்த ஊர் முள்ளெலி பனிக்காலத்தில் என்ன செய்யும், எதைத் தாங்கும் என்று ஒன்றும் தெரியாது. பால் கிண்ணம் கையில் இருக்கிறது. வைக்கலாமா?

வெட்நர்ஸ்_லெஸ்டர்
டிசம்பர் 9, காலை 9:58

அக்கா, பால் வேண்டாம். கிண்ணத்தைக் கீழே வையுங்கள். முள்ளெலிக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் இந்த எடையில் அதுவே கொன்றுவிடும். ரொட்டியும் வேண்டாம்.

இப்போதைக்கு எந்தச் சாப்பாடும் வேண்டாம். முதலில் சூடு. உடம்பு குளிர்ந்திருக்கும்போது வயிறு வேலை செய்யாது, உள்ளே போனது அப்படியே கிடக்கும். ஹாட் வாட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். மேலே இன்னொரு துண்டு. முக்கியமான விஷயம், பாட்டில் ஆறிவிட்டால் அதுவே முள்ளெலியின் சூட்டை உறிஞ்சும். மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்து வெந்நீரை மாற்றுங்கள். பெட்டியை மூடி, இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். கறுப்பியையும் மீனுவையும் அந்தக் கதவுப் பக்கமே விடாதீர்கள். நாய் வாசனை வந்தாலே அதற்குப் பயம்.

ஏன் வெளியே விடக்கூடாது என்றால்: முள்ளெலி இரவு விலங்கு. கோடையில் குட்டி போட்ட தாய் பகலில் இலை பொறுக்க வேகமாக ஓடும், அது வேறு. டிசம்பரில் பகல் வெயிலில் தள்ளாடிக் கிடந்தால் நோய் அல்லது பட்டினி. அது வெயில் காயவில்லை அக்கா, உடம்பில் சூடே இல்லாமல் தவிக்கிறது. குளிர்காலத்தைத் தூங்கிக் கடக்கக் குறைந்தது 450 கிராமாவது வேண்டும், 600 இருந்தால் நிம்மதி. 380 என்றால் அனேகமாகச் செப்டம்பரில் பிறந்த இரண்டாம் ஈட்டுக் குட்டி. கொழுப்புச் சேர்க்க நாள் போதவில்லை. நல்ல உடம்போடு தூங்கும் முள்ளெலியின் இதயம் நிமிடத்துக்கு 190 துடிப்பிலிருந்து சுமார் 20-க்கு இறங்கும், உடம்புச் சூடு 10 டிகிரிக்கும் கீழே போகும். தூக்கத்திலும் இடையிடையே விழிக்கும். ஒவ்வொரு விழிப்புக்கும் கொழுப்பு எரியும். இதனிடம் எரிக்க ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் ஹெட்ஜ்ஹாக் பிரிசர்வேஷன் சொசைட்டிக்கு இப்போதே போன் செய்யுங்கள். பக்கத்தில் யார் முள்ளெலிகளைப் பராமரிக்கிறார்கள் என்று அவர்களிடம் விவரம் உண்டு. கிடைக்கவில்லை என்றால் எந்தக் கால்நடை மருத்துவரிடமும் போகலாம், காட்டு விலங்குக்கு முதலுதவி செய்ய பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். இருமுகிறதா, மூக்கில் நீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தேரிக்காட்டுப்பெண்
டிசம்பர் 9, காலை 10:25

பாலைக் கீழே கொட்டிவிட்டேன். பாட்டில் வைத்தாயிற்று. காதை வைத்துக் கேட்டேன், சன்னமாக "க்ளிக்" என்று ஒரு சத்தம், தும்மல் மாதிரியும் இருக்கிறது. 20 மைல் தள்ளி ஒரு அம்மா வீட்டோடு வைத்துப் பார்க்கிறாராம். கொண்டு வரச் சொல்லிவிட்டார். கிளம்புகிறேன். நன்றி தங்கச்சி.

நோர்ஃபோக்_பெரியவர்
டிசம்பர் 9, மதியம் 1:10

பிள்ளை, கெதியாகக் கொண்டு போனது நல்ல காரியம். அது நலமாக வரட்டும்.

நான் இங்கே வந்து 34 வருஷம். என் வளவில் முள்ளெலி இல்லாத வருஷம் இரண்டோ மூன்றோதான். அந்த வருஷங்களில் நான்தான் வளவை அளவுக்கு மிஞ்சி வடிவாக்கிப் போட்டேன். இலை எல்லாம் கூட்டி அள்ளி, வேலியடியை மொட்டையாக வெட்டி, ஷெட்டுக்குக் கீழே சிமெந்து பூசி. பார்க்க வடிவுதான். ஆனால் முள்ளெலிக்குப் படுக்க ஒரு பிடி சருகு இல்லை.

இப்போது மேற்கு மூலையை நான் தொடுவதே இல்லை. ஓக், ஹேசல் இலைகளை அங்கேதான் குவிப்பது. அதற்குப் பக்கத்தில் உக்கின மரக்கட்டைகள். ஐவிக் கொடியை வெட்டுவதில்லை. இலையுதிர் காலக் கடைசியில் அதன் பூவுக்குத் தேனீ வரும், குளிர் முடிகிற நேரம் அதன் காய்க்கு மரப்புறாவும் கருங்குருவியும் வரும். டீஸல் (teasel) என்கிற முள்தலைச் செடியின் காய்ந்த தலையையும் விட்டுவிடுங்கோ, கோல்ட்ஃபின்ச் குருவி வந்து விதை எடுக்கும்.

நவம்பர் 5-க்குச் சொக்கப்பனை மாதிரி இங்கே குப்பை கொளுத்துவார்கள்தானே. ஒரு முறை நான் மூன்று கிழமையாகச் சேர்த்து வைத்த குவியலைக் கொளுத்த முன் தடியால் கிளறினேன். அடியில் பந்து போல ஒன்று படுத்திருந்தது. அன்றைக்குக் கை நடுங்கினது இன்றைக்கும் நினைவிருக்கு. அதற்குப் பிறகு குவியலை முழுதாக வேறு இடத்துக்கு மாற்றித்தான் கொளுத்துகிறேன்.

உங்கள் வேலி பலகை வேலி என்றால் அடியில் 13 சென்ரிமீற்றர் அகலம், 13 உயரத்தில் ஒரு ஓட்டை வெட்டுங்கோ. ஒரு இரவில் அது ஒரு மைல்கூட நடக்கும், ஒரு வளவு அதற்குக் காணாது. பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேளுங்கோ. பால் வைத்தவர் என்றால் முள்ளெலியில் பாசம் உள்ளவர், மறுக்க மாட்டார்.

நத்தை மருந்து ஏதும் ஷெட்டில் கிடக்கா என்றும் பாருங்கோ. மெட்டல்டிஹைட் போட்டது 2022-இல் இருந்து தோட்டத்தில் போடத் தடை. பழைய டப்பா இருந்தால் கவுன்சிலின் கழிவு மையத்தில் கொடுங்கோ. கறுப்பிக்கும் அது நஞ்சு.

தேரிக்காட்டுப்பெண்
டிசம்பர் 9, இரவு 8:15

விட்டுவிட்டு வந்தேன். அந்த அம்மா தன் கராஜையே ஆஸ்பத்திரியாக்கி வைத்திருக்கிறார். வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, எடை, மருந்து. சாணத்தை நுண்ணோக்கியில் பார்த்து நுரையீரல் புழு என்றார். நத்தை, மண்புழு தின்பதால் வருவதாம். பிழைக்குமா என்று கேட்டேன். "ராத்திரியைத் தாண்டட்டும்" என்றார். திரும்பி வருகிற வழியில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெரியவரே, உங்கள் மேற்கு மூலையை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் பழைய ஷெட்டில் நீல உருண்டை மருந்து அரை டப்பா இருந்தது. எடுத்துத் தனியே வைத்துவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் சின்னக் குளம் முழுக்க உறைந்துவிட்டது. அடியில் தவளைகள் இருக்கின்றன. பனிக்கட்டியை உடைக்கலாமா? அப்புறம் மீனு. நேற்று ஒரு ராபினைக் குறிவைத்துப் பதுங்கினாள். குருவிக்குத் தட்டில் இரை வைப்பதை நிறுத்திவிடலாமா என்று யோசனை.

டேல்ஸ்வாசி (யார்க்ஷயர்)
டிசம்பர் 10, காலை 7:30

உடைக்காதீர்கள். அந்த அதிர்ச்சி தண்ணீருக்குள் இருக்கிற உயிர்களைத் தாக்கும். பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றிப் பனிக்கட்டி மேல் உட்கார வையுங்கள். தானாக வட்டமாக உருகும். வெந்நீரை நேரே ஊற்றவும் வேண்டாம். அழுகும் இலையின் வாயு வெளியேற ஒரு வழி கிடைத்தால் போதும். ஆண் தவளைகள்தான் பெரும்பாலும் குளத்தடியில் கிடக்கும், தோல் வழியாக மூச்சுவிடும். மேலே பனி பெய்து மூடினால் துடைத்துவிடுங்கள், உள்ளே செடிக்கு வெளிச்சம் வேண்டும்.

இரையை நிறுத்த வேண்டாம் அக்கா. இந்தக் குளிரில் சின்னக் குருவிக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. ராபின் கிறிஸ்துமஸ் அட்டையில் அழகாக உட்கார்ந்திருக்கிறதே தவிர, குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியே எல்லை பிடித்துக்கொண்டு பாடித்தான் அதைக் காக்கின்றன. அது உங்கள் தோட்டத்தைத் தன் இடமாக வைத்திருக்கிறது. ஆனால் தட்டையான தட்டை எடுத்துவிடுங்கள். எச்சில் படும் இரையில் ட்ரைக்கோமோனோசிஸ் என்கிற நோய் பரவும். 2005-இல் இருந்து கிரீன்ஃபின்ச் குருவி அதில் கூட்டங்கூட்டமாகச் செத்து, இப்போது ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. தொங்கவிடும் இரைக் குழாய் வாங்கி வாரம் ஒரு முறை கழுவுங்கள். வலைப்பையில் வரும் கொழுப்பு உருண்டையை வலையை நீக்கி வையுங்கள், கால் மாட்டிக்கொள்ளும்.

மீனுவை இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே அழையுங்கள், விடிந்து ஒரு மணி நேரம் கழித்து விடுங்கள். பசித்த குருவிகள் இரைக்கு வருகிற நேரம் அதுதான். குழாயைப் புதரிலிருந்து 2 மீட்டர் தள்ளி மாட்டுங்கள், பதுங்க இடம் இராது. இதில் என் மனைவி என்னோடு உடன்படுவதில்லை, பூனையைக் குளிர்காலம் முழுக்கவே உள்ளே வைக்கவேண்டும் என்பாள். எங்கள் பூனை உள்ளே கத்துகிற கத்தலில் எனக்கு அது முடியவில்லை. இன்னொன்று, கார் ஆன்டிஃப்ரீஸ் ஒரு துளி சிந்தினாலும் துடையுங்கள். பூனை நக்கினால் சிறுநீரகம் போய்விடும். கறுப்பி சாலையில் நடந்து வந்தால் பாதத்தில் உப்பு ஒட்டியிருக்கும், கழுவுங்கள்.

தேரிக்காட்டுப்பெண்
பிப்ரவரி 11, மாலை 5:20

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். நல்ல செய்தி வந்த பிறகே எழுதவேண்டும் என்று இருந்தேன்.

அது அந்த ராத்திரியைத் தாண்டியது. அடுத்த மூன்று வாரமும் ஊசி, மருந்து. ஒரு கட்டத்தில் 352 கிராமுக்கு இறங்கி, அந்த அம்மா எனக்கு நம்பிக்கை வைக்காதே என்று செய்தி அனுப்பினார். பொங்கலன்று 470. இன்று காலை 640 கிராம். பெண் குட்டியாம். இறைச்சிப் பூனை உணவைத் தட்டோடு நக்குகிறதாம். ராத்திரிக் குளிர் குறைந்ததும், அனேகமாக ஏப்ரலில், எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

வேலியில் ஓட்டை வெட்டியாயிற்று, 13-க்கு 13. அடுத்த வீட்டு மூதாட்டி தன் பக்கத்தில் கிடந்த செங்கல்லைத் தானே நகர்த்தி வழி விட்டார். அவர் கணவர் உயிரோடு இருந்தபோது தினமும் மாலையில் முள்ளெலிக்குப் பால் தட்டு வைத்தது அந்தக் கணவர்தானாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. பால் கெடுதல் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பூனை பிஸ்கட் ஒரு பை வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரிக் கடைசி வாரத்தில் பிக் கார்டன் பேர்ட்வாட்ச் என்கிற தோட்டப் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன். ஒரே நேரத்தில் கருங்குருவி 7, ஃபீல்ட்ஃபேர் 12. ராபின் இரண்டு ஒன்றாக வந்தன, சண்டை போடவில்லை. கிரீன்ஃபின்ச் ஒன்றும் இல்லை. வேலியடியில் ஸ்னோடிராப் பூத்துவிட்டது.

கறுப்பி இன்னும் தினமும் காலையில் புல்தரையில் அதே இடத்தில் நின்று ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் ஆப்பிள் மரத்துக்குப் போகிறாள். ஏப்ரலில் முள்ளெலி வந்த பிறகு ராத்திரி அவளைக் கயிற்றில் கட்டித்தான் வெளியே கூட்டிப்போகவேண்டுமா? எத்தனை நாளைக்கு?

நோர்ஃபோக்_பெரியவர்
பிப்ரவரி 11, மாலை 6:02

640! பிள்ளை, வாசித்தவுடன் மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கயிற்றில்தான். அது அங்கே இருக்கும் காலம் முழுக்க. வெளியே விட முன் லைட்டைப் போட்டு, கதவைத் தட்டிச் சத்தம் காட்டி, ஒரு நிமிஷம் பொறுங்கோ. அது தன் பாட்டில் வேலிக்குள் போய்விடும்.