10 நாள் சிசிஎன்ஏ பூட்கேம்ப்: 48 ஆயிரம் கொடுத்துச் சேரலாமா?

திண்டுக்கல்_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு இப்போது சென்னையில் டெஸ்க்டாப் சப்போர்ட் வேலையில் இருக்கிறேன். பிரிண்டர் ஓடவில்லை, அவுட்லுக் திறக்கவில்லை, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, பொழுது விடிந்தால் இதுதான். நெட்வொர்க் டீமுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால் மேனேஜர் "சிசிஎன்ஏ முடிச்சிட்டு வா, பார்க்கலாம்" என்கிறார், அதாவது சிஸ்கோ கம்பெனி நடத்தும் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு.

வேளச்சேரி பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். 10 நாள் தொடர்ச்சியாக, காலை 9 மணி முதல் மாலை 6 வரை வகுப்பு, 11ஆம் நாள் தேர்வு, தேர்வுக் கட்டணமும் சேர்த்து 48 ஆயிரம் ரூபாய். பேனரிலேயே "பாஸ் கேரன்ட்டி" என்று போட்டிருக்கிறார்கள். என் சம்பளத்துக்கு இது பெரிய தொகை, இருக்கிற லீவு முழுவதையும் ஒரேயடியாகப் போடவும் வேண்டும். ஐபி அட்ரஸ், டிஎச்சிபி, டிஎன்எஸ் எல்லாம் வேலையில் பார்த்துப் பழக்கம். சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கும் கணக்கு, காலேஜில் படித்தது, சுத்தமாக மறந்துவிட்டது. ரவுட்டரில் கைவைத்ததே இல்லை. சேரலாமா, வீட்டிலேயே படிக்கலாமா, இல்லை நெட்வொர்க் ப்ளஸ் என்ற இன்னொரு சான்றிதழ் தேர்வு எழுதினால் போதுமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாக்_நைட்ஷிஃப்ட்:

தம்பி, 48 ஆயிரம் என்றதும் பயப்படவும் வேண்டாம், உடனே போய்க் கட்டவும் வேண்டாம். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணமே 300 டாலர், வரி தனி. அப்படியென்றால் நீ கொடுப்பதில் பாதிக்கு மேல் தேர்வுக்கே போய்விடுகிறது, பயிற்சிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் வவுச்சர், அதாவது தேர்வுக் கட்டணம் கட்டியதற்கான சீட்டு, நிஜமாகவே தருகிறார்களா, எப்போது கைக்கு வரும், எத்தனை மாதத்துக்குள் எழுதவேண்டும், இதையெல்லாம் முதலில் எழுத்தில் வாங்கு. 11ஆம் நாளே எழுதியாகவேண்டும் என்றால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்து அந்த "பாஸ் கேரன்ட்டி". இதற்கு இரண்டு அர்த்தம்தான் இருக்க முடியும். ஃபெயிலானால் அடுத்த பேட்ச்சில் இலவசமாக உட்காரலாம் என்பது ஒன்று, அது சரி, ஆனால் மறுபடி எழுதும் கட்டணத்தை யார் தருவார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். இன்னொன்று டம்ப், அதாவது திருட்டுத்தனமாக வெளியே வந்த கேள்விகளைக் கடைசி இரண்டு நாளில் மனப்பாடம் பண்ண வைப்பது. அந்த மாதிரி இடம் என்று தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. பிடிபட்டால் ரிசல்ட்டையே ரத்து செய்யும் உரிமை சிஸ்கோவுக்கு உண்டு. பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் மாட்டுவாய். எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "விலான் 10இல் இருக்கும் பிசியிலிருந்து விலான் 20இல் இருக்கும் சர்வருக்குப் பிங் போகவில்லை, எங்கிருந்து தொடங்குவாய்?" என்பதுதான். விலான் என்றால் ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. சான்றிதழோடு வருகிறவர்களிலேயே பலர் டிஃபால்ட் கேட்வே, அதாவது வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல், பற்றி வாயே திறக்க மாட்டார்கள். நேராக "ஃபயர்வால் பிளாக் பண்ணுது சார்" என்பார்கள்.

தேர்வு எப்படி என்றும் தெரிந்துகொள். 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப வந்து பார்க்க முடியாது, நம் ஊர்ப் பரீட்சை மாதிரி தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற வேலையெல்லாம் நடக்காது. கமாண்ட் அடித்துச் செய்யவேண்டிய லேப் கேள்விகளும் வரும். பாஸ் மார்க் எவ்வளவு என்று சிஸ்கோ வெளியே சொல்வதில்லை, அதனால் "இத்தனை எடுத்தால் போதும்" என்று எவராவது அடித்துச் சொன்னால் நம்பாதே. ஃபெயிலானால் மறுபடி எழுத 5 நாள் காத்திருக்கவேண்டும், முழுக் கட்டணம் மறுபடியும்.

ரவுட்டரையே தொடாமல் நேரே 10 நாள் வகுப்பில் போய் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் வரும்போது கும்பலோடு கோவிந்தா போடவேண்டியதுதான்.

கொங்கு_கேபிள்:

நாக் அண்ணா சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன், பாதிக்கு இல்லை. பூட்கேம்ப் என்றாலே ஏமாற்று வேலை மாதிரி பேசுகிறார்கள், அது நியாயமில்லை. "வீட்டிலேயே படி, யூடியூபில் எல்லாம் இருக்கிறது" என்பது சொல்லச் சுலபம். ஷிஃப்ட் முடிந்து வந்து சமையல், வீடு, பிள்ளைகள் எல்லாம் முடித்து ராத்திரி 11 மணிக்கு வீடியோ போட்டால் ஸ்பேனிங் ட்ரீ பாடம் ஆரம்பிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். நான் ஆபீஸ் செலவில் ஒரு வாரத் தொடர் பயிற்சிக்குப் போனேன். போகும் முன்பே பாடம் முழுவதையும் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்திருந்தேன், அதனால்தான் பிரயோஜனப்பட்டது.

அங்கே கிடைத்தது வீடியோவில் கிடைக்காது. ஒரு உதாரணம். இரண்டு ஸ்விட்ச், நடுவில் ட்ரங்க் (பல விலான்களும் ஒன்றாகப் போகும் இணைப்பு), விலான் 10, 20 இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக விலான் 30 சேர்க்கச் சொன்னார் சார். பக்கத்து பெஞ்சில் ஒருவர் "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலான் 30" என்று அடித்து என்டர் தட்டினார், அடுத்த நொடி 10, 20 இரண்டிலும் பிங் நின்றுவிட்டது. நடுவில் "ஆட்" என்ற சொல் இல்லாவிட்டால் இருக்கிற பட்டியலை அழித்துவிட்டு 30ஐ மட்டும் வைத்துக்கொள்ளும் அது. சார் ஒன்றும் சொல்லவில்லை, "ஷோ இன்டர்ஃபேஸஸ் ட்ரங்க்" அடித்து அந்த வரியைப் படிக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஓடுகிற நெட்வொர்க்கில் இதை அடித்தால் ஒரு மாடியே ஆஃப்லைன் ஆகிவிடும். இப்போதும் ட்ரங்கில் கை வைக்கும்போதெல்லாம் "ஆட்" போட்டேனா என்று இரண்டு தடவை பார்க்கிறேன்.

அதனால் தம்பி, அவர்களிடம் ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், எத்தனை ஸ்விட்ச், ஒருநாளில் எத்தனை மணி நேரம் கை கீபோர்டில் இருக்கும் என்று கேளுங்கள். நாள் முழுக்க ஸ்லைடு ஓட்டுவார்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

பழைய_ரவுட்டர்:

பல வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நெட்வொர்க் ப்ளஸ் விஷயம். அது காம்ப்டியா நடத்துவது, எந்தக் கம்பெனிக் கருவியையும் சாராதது, 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 720 எடுக்கவேண்டும். நல்ல அடிப்படைதான். ஆனால் உங்கள் மேனேஜரே சிசிஎன்ஏ என்று பெயர் சொல்லிவிட்டார், நான் பார்க்கிற சென்னை வேலை அறிவிப்புகளிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். சிசிஎன்ஏவுக்கு முன்தகுதி எதுவும் கிடையாது, நேரடியாகவே எழுதலாம், சான்றிதழ் 3 வருடம் செல்லும்.

பயிற்சி நிலையத்தை எடைபோட என்னிடம் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். இப்போதைய தேர்வு 200-301, 2020 பிப்ரவரியில் வந்தது, 2024 ஆகஸ்டிலிருந்து அதன் 1.1 பதிப்பு நடக்கிறது. அதில் ரவுட்டிங் புரோட்டோகால் என்று கான்ஃபிகர் பண்ணச் சொல்வது ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப் மட்டும்தான். ஃப்ரேம் ரிலே, ஈஐஜிஆர்பி என்று இப்போதைய பாடத்தில் இல்லாததை இரண்டு நாள் ஓட்டுகிறார்கள் என்றால் பழைய நோட்ஸைத் தூசு தட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆட்டோமேஷன் பகுதியில் அன்சிபிள், டெர்ராஃபார்ம் என்ற இரண்டு மென்பொருள் கருவிகள் இருக்கவேண்டும், பழைய கருவிகளான பப்பெட்டும் செஃபும் போய்விட்டன. இந்தப் பகுதிக்கு 10 சதவீதம் இருக்கிறது, நிறைய இடங்களில் "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளிவிடுவார்கள். ஐபி கனெக்டிவிட்டிக்கு 25, அடிப்படைகளுக்கு 20, விலானும் வயர்லெஸ்ஸும் வரும் பகுதிக்கு 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சர்வீசஸ் 10. சப்நெட்டிங் தனித் தலைப்பாகப் பெரிதாகத் தெரியாது, ஆனால் ரவுட்டிங், ஏசிஎல் (எதை உள்ளே விடலாம் என்ற பட்டியல்), நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்புவது) எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் உட்கார்ந்திருக்கும்.

அதை மறந்துவிட்டேன் என்கிறீர்கள், இங்கேயே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 172.16.45.77/27 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? /27 என்றால் கடைசி ஆக்டெட்டில் (நாலு எண்களில் கடைசியில்) மாஸ்க் 224. 256இலிருந்து 224ஐக் கழித்தால் 32, இதுதான் பிளாக் சைஸ். 0, 32, 64, 96 என்று எண்ணுங்கள், 77 வருவது 64க்கும் 96க்கும் நடுவில். நெட்வொர்க் 172.16.45.64, அடுத்தது 96 என்பதால் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் முகவரி) 95, கருவிகளுக்குத் தரக்கூடியது 65 முதல் 94 வரை, மொத்தம் 30. அவ்வளவுதான். பைனரியில் எழுதிப் புரிந்துகொள்வது ஒருமுறை அவசியம், ஆனால் தேர்வில் அப்படி எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். பஸ்ஸில் போகும்போது தினமும் பத்துக் கணக்கு மனதிலேயே போடுங்கள், 15 நொடிக்குள் விடை வரும்வரை விடாதீர்கள்.

என் கருத்து, பூட்கேம்ப் கடைசியில் வரவேண்டியது. இரண்டு மூன்று மாதம் தினம் ஒரு மணி நேரம் படித்து, சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் சிமுலேட்டரில் கட்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று ஒரு பட்டியலோடு போய் உட்கார்ந்தால் 10 நாளும் உங்களுக்குக் காசு. வெறும் கையோடு போனால், நான் என் வகுப்பிலேயே பார்க்கிறேன், நாலாம் நாளிலிருந்து ஆள் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருப்பார்.

திண்டுக்கல்_தம்பி:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, சார். நேற்று போய்க் கேட்டேன். பாடத்திட்டம் புதுசுதான், அன்சிபிள் இருக்கிறது. கேரன்ட்டி என்றால் என்ன என்று கேட்டதற்கு "மெட்டீரியல் கொடுப்போம், அப்படியே வரும்" என்று கண்ணடிக்காத குறையாகச் சொன்னார் கவுன்ட்டரில் இருந்தவர். புரிந்துவிட்டது. அங்கே இல்லை, வேறு இடம் பார்க்கிறேன், அதுவும் மூன்று மாதம் கழித்து. இன்னொரு சந்தேகம், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சிஸ்கோ ஸ்விட்ச் கிடைக்கும் என்கிறான் நண்பன், வாங்கிப் போடவா? பாக்கெட் ட்ரேசர் மட்டும் போதுமா?

நாக்_நைட்ஷிஃப்ட்:

"அப்படியே வரும்" என்றாரா, நல்லவேளை தப்பித்தாய்.

சிசிஎன்ஏவுக்குப் பாக்கெட் ட்ரேசர் தாராளமாகப் போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் திறந்தால் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ஸ்விட்ச் வாங்கியே தீருவேன் என்றால் ஒரு 2960 மாடல் போதும், கன்சோல் கேபிள் மறக்காமல் வாங்கு. ஆனால் ஃபேன் சத்தம் தெரியுமா, மேன்ஷன் ரூமில் வைத்தால் பக்கத்து ரூம்காரன் சண்டைக்கு வந்துவிடுவான்.

கொங்கு_கேபிள்:

கடைசியாக ஒன்று தம்பி, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். தேர்வை நடத்தும் பியர்சன் வியூ தளத்தில் பதியும்போது பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல் ஒரு அட்டையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், வேறொன்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். தேர்வன்று எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதை எதிரில் வைத்துக்கொண்டு அதில் இருக்கிறபடியே அடியுங்கள், எந்த அட்டை செல்லும் என்பதையும் அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல் பொருந்தவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும், கட்டணமும் போனது. தப்பாகப் பதிந்துவிட்டால் தேர்வுக்கு முன்பே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், அன்றைக்குப் போய்க் கெஞ்சிப் பிரயோஜனமில்லை.