ஃபேர்ஃபோர்டு தேவாலயச் சன்னல்கள்: வெளியே இன்னொரு கண்ணாடி எதற்கு?

கல்தச்சன்: இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் உள்ள ஃபேர்ஃபோர்டு புனித மரியாள் தேவாலயம், கம்பளி வணிகர் ஜான் டேம் தொடங்கி மகன் எட்மண்ட் முடித்தது. அதன் 28 வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் சுமார் 1500–1517 காலத்தவை. அண்மைச் சீரமைப்பில் வெளிப்பக்கம் காப்புக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டு மழையைத் தாங்கியவை இனியும் தாங்காதா? மறைப்பு வேண்டுமென்றால் பாலிகார்பனேட் என்ற தெளிவான பிளாஸ்டிக் தகடு அடித்தால் போதாதா?

ஈயப்பட்டை: மழையைவிட உட்பக்கம் வழியும் ஈரம்தான் பெரிய எதிரி நண்பரே. முகம், உடை மடிப்பு, எழுத்து எல்லாம் பெரும்பாலும் உட்பரப்பில் தீட்டியவை. உலோக ஆக்சைடும் கண்ணாடிப் பொடியும் கலந்த கருவண்ணம் அது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு ஒட்டவைப்பார்கள். சூடு குறைந்திருந்தால் பிடிப்பு இராது. குளிர்காலத்தில் கூட்டம் விடும் மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் நீராகக் கோத்து, அந்த வண்ணத்தை மெல்ல உரித்துவிடும். போன முகக்கோடு திரும்ப வராது.

கண்ணாடியும் பலவீனமானதே. மரச்சாம்பலிலிருந்து வந்த பொட்டாஷ் (பொட்டாசிய உப்பு) மிகுதி, சிலிக்கா (மணலில் உள்ள பொருள்) குறைவு. நீர் பட்டால் பொட்டாசியம் கரைந்து வெளியேறும், மேற்பரப்பு குழி விழும். பாலிகார்பனேட்டைச் சுற்றிலும் அடைத்து அடித்தால் ஈரம் நடுவில் சிக்கிக்கொள்ளும். தகடும் வெயிலில் மஞ்சளிக்கும்.

சாளரம்: சரியான முறை இது. பழைய கண்ணாடியைக் கழற்றி, கல்லில் அது பதிந்திருந்த பள்ளத்தில் புதுக் கண்ணாடியைச் சுண்ணாம்புக் காரையால் பதிக்க வேண்டும். பழையது வெண்கலச் சட்டத்தில் ஏறி உட்பக்கம் நிற்கும். இடைவெளி பொதுவாக 40–50 மி.மீ.; மிகவும் குறுகினால் காற்று ஓடாது. மேலும் கீழும் திறப்பு தேவாலயத்தின் உள்பக்கமாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் பழைய கண்ணாடியின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வெப்பம் நிற்கும். நீர் கோத்தாலும் வெளிக்கண்ணாடியில் கோக்கும். அதை வெளியேற்ற அடியில் ஈயத் தொட்டியும் வடிகாலும் வேண்டும். பக்க விளிம்புகளில் வெளிச்சம் கசிந்தால் படத்தின் நிறமே வெளிறித் தெரியும், அங்கே ஈயத்தகடு வைத்து மறைக்கவும்.

கல்தச்சன்: நன்றி. சுத்தம் செய்வதும் உடைசல் ஒட்டுவதும்?

சாளரம்: முதலில் உருப்பெருக்கியில் பார்த்து, வண்ணம் பிடிப்பாக உள்ள இடத்தில் மட்டும் அயனி நீக்கிய (கரைந்த உப்புகள் அகற்றிய) நீரைப் பஞ்சில் தொட்டு உருட்டலாம். அமிலம், சுரண்டுகத்தி இரண்டும் கூடாது. உடைந்த துண்டுகளை நீர்போல ஓடும் எபாக்சிப் பசையால் விளிம்போடு விளிம்பாக ஒட்டலாம். வெயில் பட்டால் அதுவும் மஞ்சளிக்கும் என்பதால் காப்புக் கண்ணாடி இல்லாத இடத்தில் நம்ப வேண்டாம்.

ஈயப்பட்டை: சன்னலைத் தாங்கும் பழைய இரும்புக் கம்பிகளையும் பாருங்கள். துருப்பிடித்தால் வீங்கிக் கல்லையே பிளக்கும். மேற்குச் சன்னலின் மேல்பாதி 1703 புயலில் சிதைந்து, 19ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்யப்பட்டது. அதையும் அதே அக்கறையோடு காப்பதே சரி என்பது என் கருத்து. பொருத்திய பிறகு காற்றுத் திறப்புகளில் சிலந்திவலையும் தூசியும் அடைக்காமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது துடைக்கச் சொல்லுங்கள்.